ஊழியத்துக்கு மனம் இருந்தால் போதாதா? நேர்த்தியை வலியுறுத்துவது பெருமையா?

பாடகர் குழுவினரை ஒத்திகைக்கு நேரத்தோடு வரும்படியும், பாடல் வரிகளை முன்கூட்டியே சரிபார்க்கும்படியும் நீங்கள் கேட்டுக்கொண்டதற்கு, “உனக்குப் பெருமை வந்துவிட்டது, தேவன் இருதயத்தைத்தான் பார்க்கிறார்” என்று பதில் கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வயதில் இளையவராகவோ குழுவுக்குப் புதியவராகவோ இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். இதையே மூத்தவர் ஒருவர் சொல்லியிருந்தால் அதற்குப் பெருமை என்று பெயர் வந்திருக்காது. அனுபவம் என்று பெயர் வந்திருக்கும். நீங்கள் கேட்டதில் தவறில்லை என்பதே என் பதில். அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்; ஆனால் இந்த வாக்கியத்தை நானும் நிறையக் கேட்டிருப்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

நான் போதகரும் அல்லன், இறையியல் கற்றவனும் அல்லன். வாரநாள்களில் மருத்துவ ஆய்வகத்தில் இரத்த மாதிரிகளோடு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தின் பின்வரிசையில் மடிக்கணினியின் முன் அமர்ந்து பாடல் வரிகளைத் திரையில் போடும் வேலை. ஆகவே இதை ஒரு விசுவாசியின் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வசனத்தைப் பார்த்துவிடலாம். மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார் என்பது 1 சாமுவேல் 16ஆம் அதிகாரத்தின் 7ஆம் வசனம். சவுலுக்குப் பதிலாக அரசனாகப்போகிறவனை அபிஷேகம்பண்ணப் போன தீர்க்கதரிசி சாமுவேல், தாவீதின் தகப்பனாகிய ஈசாயின் மூத்த மகனுடைய தோற்றத்தையும் உயரத்தையும் கண்டு தீர்மானித்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்லப்பட்டது அது. வேலையை எப்படிச் செய்தாலும் போதும் என்று அங்கே யாருக்கும் சொல்லப்படவில்லை. இன்னும் சில வசனங்கள் தாண்டினால், அதே அதிகாரத்தில், சுரமண்டலம் நன்றாய் வாசிக்கத் தெரிந்த ஒருவனைத் தேடும்படி சவுல் கேட்கிறான். ஈசாயின் குமாரனாகிய தாவீதைப் பற்றி ஊழியக்காரன் ஒருவன் சொல்லும் முதல் தகுதி, “வாசிப்பதில் தேறினவன்” என்பது. கர்த்தர் அவனோடேகூட இருக்கிறார் என்பதும் அதே வசனத்தில்தான் இருக்கிறது. இருதயம் பார்த்துத் தெரிந்துகொள்ளப்பட்ட அதே தாவீதுதான் வாசிப்பதிலும் தேறியிருந்தான். ஏழாம் வசனத்தை மனப்பாடமாகச் சொல்பவர்கள் பதினெட்டாம் வசனம் வரைக்கும் ஏன் வருவதில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இனி என் கதை. திரையில் வரிகள் போடும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, பாடல்கள் பலருடைய கைகளால் பல காலங்களில் தட்டச்சு செய்யப்பட்டவையாக இருந்தன. பழைய எழுத்துருவில் அடித்தவை புதிய கணினியில் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தன. ‘வாழ்வு’ என்பது ‘வால்வு’ என்று இருந்தது. அதைப் பார்த்துச் சிறுபிள்ளைகள் சிரிப்பார்கள், பெரியவர்கள் பாராததுபோல் பாடுவார்கள். பூக்கள் நிறைந்த படத்தின்மேல் வெள்ளை எழுத்துகள். சில பாடல்களில் மூன்றாம் சரணத்துக்குரிய பக்கமே கிடையாது. ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் பல்லவிக்குத் திரும்ப வேண்டிய இடத்தில், இயக்குபவர் பக்கங்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போவார். திரை சரியான பக்கத்தை எட்டும்போது சபை பல்லவியைப் பாடி முடித்திருக்கும்.

நான் எல்லாவற்றையும் யூனிகோடில் புதிதாகத் தட்டச்சு செய்தேன். பின்புலத்தைக் கருமையாக்கி, பக்கத்துக்கு நான்கு வரிகளுக்கு மேல் வராதபடி எழுத்தைப் பெரிதாக்கினேன். பாடுகிறவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில் வரி முறியும்படி பிரித்தேன். ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் பல்லவியை மறுபடியும் சேர்த்தேன். அப்படிச் செய்தால் யார் இயக்கினாலும் ஒரே ஒரு விசையை முன்னோக்கி அழுத்திக்கொண்டிருந்தால் போதும். சனிக்கிழமை இரவுகளில் மறுநாள் பாடல்களை உரக்க வாசித்துப் பார்ப்பேன். எங்கேனும் சந்தேகம் வந்தால் பாடலை நடத்துகிறவரைத் தொலைபேசியில் அழைப்பேன். இதுதான் பலருக்கு எரிச்சலாகிவிட்டது. “பிரதர், எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த பாட்டுக்கு எதற்கு இத்தனை பாடு?” என்றார் ஒருவர். மூப்பர் ஒருவர், என்மேல் அன்புள்ளவர்தான், “தம்பி, திரையைப் பார்த்தா நாம் ஆராதிக்கிறோம்?” என்று கேட்டார்.

அவர் திரையைப் பார்ப்பதில்லை என்பது உண்மை. அவருக்குச் சிறுவயதிலிருந்தே அந்தப் பாடல்கள் தெரியும். திரையில் எழுத்துப் பிழை இருந்தாலும், ஒரு சரணம் இல்லாமலே போனாலும் அவருக்கு இழப்பு எதுவும் இல்லை. அவருடைய ஞாபகம் அந்தக் குறையை மூடிவிடும். அண்மையில் சபைக்கு வரத் தொடங்கியிருந்த சகோதரி ஒருவர், சில மாதங்கள் கழித்து என் மனைவியிடம், “முன்பெல்லாம் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பேன், எனக்குத்தான் வாசிக்க வரவில்லை என்று நினைத்தேன், இப்போதுதான் நானும் பாடுகிறேன்” என்று சொல்லியிருக்கிறார். குறை திரையில் இருக்க, தம்மையே அவர் குறைசொல்லிக்கொண்டிருந்தார். ஊழியத்தில் நாம் காட்டும் அசட்டை, வெகுநாள்களாக உள்ளே இருப்பவர்களைத் தொடுவதே இல்லை. புதிதாக வந்தவர், பார்வை மங்கியவர், காது மந்தமானவர், கூச்சத்தால் எதையும் கேட்காதவர் ஆகியோரே அதற்கு விலை கொடுக்கிறார்கள். அவர்கள் நம்மிடம் வந்து புகார் சொல்வதும் இல்லை. சிலர் வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே நேர்த்தியை நான் அழகுணர்ச்சியாகவோ தரப்பட்டியலாகவோ பார்க்கவில்லை. அது பிறனிடத்தில் அன்புகூருவதில் சேர்ந்தது என்றே நினைக்கிறேன்.

மேலே ‘எதற்கு இத்தனை பாடு’ என்று கேட்ட சகோதரர் தம்முடைய அலுவலகத்தில் மேலதிகாரிக்கு முன்பாக வைக்கும் அறிக்கையைப் பலமுறை புரட்டிப் பார்க்காமல் அனுப்ப மாட்டார் என்பது அவரை அறிந்த எல்லாருக்கும் தெரியும். மல்கியா தீர்க்கதரிசி இந்த இடத்தைத்தான் தொடுகிறார். கண் ஊனமானதையும் கால் ஊனமானதையும் நசல் பிடித்ததையும் பலிக்குக் கொண்டுவந்தவர்களிடம், அதை உன் அதிபதிக்குச் செலுத்திப் பார், அவன் உன்மேல் பிரியமாயிருப்பானோ என்று கர்த்தர் கேட்பதாக 1:8 சொல்கிறது. இதைவிடக் கூர்மையாக என்னால் கேட்க முடியாது. நான் அவரிடம் கேட்கவும் இல்லை.

என் வேலையிலிருந்தும் ஒன்று சொல்கிறேன். ஆய்வகத்தில் காலையில் நோயாளிகளின் மாதிரிகளை இயந்திரத்தில் ஏற்றுவதற்கு முன், அளவு முன்பே தெரிந்த கட்டுப்பாட்டு மாதிரியை ஓட்டிப் பார்ப்போம். வரும் எண் எதிர்பார்த்த சராசரியிலிருந்து இரண்டு திட்டவிலக்கத்தை (எண்கள் சராசரியைச் சுற்றி வழக்கமாக எவ்வளவு ஏறி இறங்கும் என்பதன் அளவு அது) தாண்டினால் எச்சரிக்கை. மூன்றைத் தாண்டினால் காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை ஒரு முடிவையும் வெளியே அனுப்பக் கூடாது. இப்படியொரு சோதனை நடப்பதே நோயாளிக்குத் தெரியாது. அதைச் செய்யாமல் செய்ததாக எழுதிவைத்தாலும் பெரும்பாலான நாள்களில் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதேபோல், இரத்தம் எடுக்கும்போதோ குழாயைக் கையாளும்போதோ முரட்டுத்தனம் காட்டினால் சிவப்பணுக்கள் உடைந்து, பொட்டாசியத்தின் அளவு உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். கவனமின்மை ஒருவருடையது, பயமும் மறுபரிசோதனையும் இன்னொருவருக்கு. கொலோசெயர் 3:22இல் பவுல், “பார்வைக்கு ஊழியஞ்செய்யாமல்” என்று எழுதுகிறார். ஆலயப் பணியாளர்களுக்கு எழுதியது அன்று அது; எஜமான்களின் கீழ் அடிமைகளாக இருந்தவர்களுக்கு எழுதியது. மேடையும் ஒலிபெருக்கியும் இல்லாத, பாராட்டும் கிடைக்காத அன்றாட வேலையைப் பார்த்துத்தான் ‘கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்’ என்ற அடுத்த வசனம் பேசுகிறது. எனக்கு ஆய்வகத்தில் ஒரு பக்தி, ஆலயத்தில் வேறொரு பக்தி என்று இரண்டு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

இங்கே என் மனத்தாங்கல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கேள்விக்கு நேரடித் தொடர்பு இல்லாவிட்டாலும் இதைச் சொல்லாவிட்டால் பதில் பாதி பொய்யாகிவிடும். முன்பு நான் வேலை செய்த ஒரு கிறிஸ்தவ நிறுவனத்தில், காலை ஜெபவேளையில் எங்களுக்கு அடிக்கடி ‘கர்த்தருக்குச் சிறந்ததையே கொடுங்கள்’ என்று செய்தி கொடுப்பார்கள். கட்டுப்பாட்டு மாதிரி தீர்ந்துபோனால் வாங்கித் தர மாட்டார்கள், சம்பளம் தாமதமாகும், இருவர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் செய்வார், வாய் திறந்து கேட்டால், இது வேலையன்று, ஊழியம் என்பார்கள். கூலியைப் பொழுது போகுமுன் கொடுத்துவிட வேண்டும் என்ற உபாகமம் 24:15உம், பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்ற யாக்கோபு 5:4உம் அந்த ஜெபவேளைகளில் ஒருமுறைகூட வாசிக்கப்பட்டதாக எனக்கு நினைவில்லை. பணியாளரிடம் நேர்த்தியைக் கேட்பவர்கள், அதற்கு வேண்டிய நேரத்தையும் பொருளையும் ஓய்வையும் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். தம் இசைப்படைப்புகளின் முடிவில் ‘தேவனுக்கே மகிமை’ என்று பொருள்படும் லத்தீன் சொற்களின் முதலெழுத்துகளை எழுதிவந்த, லைப்சிக் நகரில் ஆலய இசைக்குப் பொறுப்பாயிருந்த ஜெர்மானிய இசையமைப்பாளர் யோகான் செபாஸ்தியான் பாக், 1730 ஆகஸ்டில் லைப்சிக் நகராட்சி மன்றத்துக்கு ஒரு நீண்ட மனு எழுதினார். ஆலய இசைக்கு எத்தனை பாடகர்களும் வாத்தியக்காரர்களும் தேவை என்று அதில் கணக்கிட்டு, தம்மிடம் உள்ள மாணவர்களில் 17 பேர் பயன்படுவார்கள், 20 பேர் இன்னும் தேறவில்லை, 17 பேர் தகுதியே அற்றவர்கள் என்று பட்டியலிட்டார். தேவ மகிமைக்காகச் செய்கிறவன் குறைகளைச் சொல்லாமல் சகித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் திறமை இல்லாதவர்களை ஊழியத்திலிருந்து ஒதுக்கிவிடலாமா என்று யாராவது கேட்பார்கள். நான் அதைச் சொல்லவில்லை. 1 நாளாகமம் 25ஆம் அதிகாரத்தில், கர்த்தரைப் பாடும் பாட்டுகளைக் கற்றுக்கொண்டு நிபுணரானவர்களின் தொகை 288 என்று கணக்கு வருகிறது. அடுத்த வசனத்தில் சிறியவனும் பெரியவனும், ஆசானும் மாணாக்கனும் சரிசமானமாய்ச் சீட்டுப் போட்டுக்கொண்டார்கள். மாணாக்கனுக்கும் முறைவரிசையில் இடம் உண்டு. ஆனால் அவன் கற்றுக்கொண்டிருக்கிறான். எஜமான் தன் ஊழியக்காரரிடம் பணத்தை ஒப்புவித்துப் போகும் தாலந்து உவமையிலும் ஐந்து தாலந்துக்காரனும் இரண்டு தாலந்துக்காரனும் எஜமானிடமிருந்து பெறும் பாராட்டு ஒன்றேதான் (மத்தேயு 25:21, 23). ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் போட்ட இரண்டு காசைச் சுட்டிக்காட்டி என்னை மடக்க நினைப்பவர்களுக்கும் இதுவே பதில்: அவள் போட்டது கொஞ்சம்தான், ஆனால் அவளிடம் இருந்தது எல்லாவற்றையும் போட்டாள். குரல் சுமாராக இருப்பது குறையே அன்று. ஒத்திகைக்கு வர முடிந்தும் வராமல் இருந்துவிட்டு, இருதயத்தைக் காரணம் காட்டுவதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

கிரியைகளினால் இரட்சிப்பைச் சம்பாதிக்கச் சொல்கிறேன் என்று யாரும் வரிந்துகட்டிக்கொண்டு வர வேண்டாம். இரட்சிப்பு கிருபையினால் வருவது, கிரியைகளினால் அன்று என்னும் எபேசியர் 2:8, 9 எனக்கும் தெரியும். அதற்கு அடுத்த வசனம் நற்கிரியைகளைச் செய்கிறதற்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்கிறது. பெருமை வரும் ஆபத்து இருக்கிறது என்பதையும் மறுக்கவில்லை. பிழையைத் திருத்தும்போது பிழை செய்தவரை நாலு பேர் முன்னிலையில் நாணச் செய்தால், அதற்குப் பெயர் பெருமைதான். உங்கள் குழுவில் நீங்கள் எந்தத் தொனியில் கேட்டீர்கள் என்பதை நான் அறியேன். அதை நீங்கள்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். இனிமேல் பொதுவில் சொல்வதைவிட, தாமதமாக வருகிறவரைத் தனியே அழைத்து, என்ன தடை என்று கேளுங்கள். சிலருக்கு உண்மையிலேயே வேலை முடிந்து வர நேரம் போதாது. அவர்களுக்காக ஒத்திகை நேரத்தைத் தள்ளிவைப்பதும் நேர்த்தியில் சேர்ந்ததுதான். பாடல் வரிகளை நீங்களே சரிபார்த்து, ஒரு நாள் முன்னதாகக் குழுவுக்கு அனுப்பிவிடுங்கள். அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டிய வேலை அன்று அது. பாடகர் குழுவின் தலைவரிடம் பேசும்போது வசனப் போர் வேண்டாம். புதிதாக வந்தவர் யாரையாவது கடைசி வரிசையில் அமரவைத்து, அவருக்கு என்ன கேட்கிறது, என்ன தெரிகிறது என்று விசாரித்து, அவர் சொன்னதை மட்டும் தலைவரிடம் சொல்லுங்கள். எங்கள் சபையில் மூப்பரின் மனம் மாறியது என் வாதங்களால் அன்று, அந்தச் சகோதரியின் வார்த்தையால்தான்.

கடைசியாக, இயேசுவை வீட்டில் ஏற்றுக்கொண்டு பணிவிடையில் மூழ்கிப்போன மார்த்தாளைப் பற்றி எழுதப்போகிற சகோதரர்களுக்கு: லூக்கா 10இல் அவள் கண்டிக்கப்பட்டது, அநேக காரியங்களைக் குறித்துக் கவலைப்பட்டுக் கலங்கியதற்காக. தன் சகோதரி மரியாளையும் தன்னைப்போலவே ஓடியாடச் செய்யும்படி கர்த்தரிடமே அவள் முறையிட்டாள். யோவான் 12:2இல் அதே மார்த்தாள் மறுபடியும் பணிவிடை செய்கிறாள். மரியாள் தன் வழக்கப்படி இயேசுவின் பாதத்தண்டை இருக்கிறாள். இந்த முறை மார்த்தாள் யாரைப் பற்றியும் முறையிடவில்லை, அவளையும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.