சிறு நிறுவனப் பங்கு நிதியம்: இலாபக் கணக்குக்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: ஹட்டனில் வசிக்கிறேன். தோட்ட அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றிருக்கிறேன். ஊழியர் சேமலாப நிதிப் பணம் கையில் இருக்கிறது. பலரின் பணத்தைத் திரட்டிச் சிறு நிறுவனப் பங்குகளில் முதலிடும் நிதியமான யூனிட் டிரஸ்ட் ஒன்றில் சேருமாறு ஒரு முகவர் வற்புறுத்துகிறார்; கடந்த மூன்று ஆண்டு இலாபத்தை மட்டுமே காட்டுகிறார். அந்த நிதியம் ஒழுங்காக நடத்தப்படுகிறதா என்று எப்படி அறிவது?

பதில்: கொழும்புச் சந்தை 2022 இன் வீழ்ச்சியிலிருந்து மீண்டு ஏறிய ஆண்டுகளில், ஆராய்ந்து வாங்கியவரும் கண்ணை மூடி வாங்கியவரும் ஏறத்தாழ ஒரே அளவு இலாபம் காட்டியிருக்க முடியும். ஆகவே அதே காலத்தில் சந்தையின் எல்லாப் பங்குகளின் விலைப் போக்கையும் காட்டும் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் எவ்வளவு ஏறியது என்று முதலில் கேளுங்கள். அந்தச் சுட்டெண்ணில் பங்கிலாபம் சேராது, நிதியத்தின் கணக்கில் சேரும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

அதன் பிறகு, நிதியத்தின் முகாமையாளர் எப்படி முடிவெடுக்கிறார் என்பதற்கு வாருங்கள். உங்களுக்குத் தெரிந்த தேயிலையையே எடுத்துக்கொள்வோம். 1992 இல் தோட்டங்களைப் பொறுப்பேற்ற பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளில் பல, சந்தையில் பட்டியலிடப்பட்ட சிறு நிறுவனங்களே. 2021 இன் இரசாயன உரத் தடைக்குப் பின், 2022 இல் நாட்டின் தேயிலை உற்பத்தி சுமார் 25 கோடி கிலோவாகச் சரிந்தது. ஆனால் டொலருக்கு 200 ரூபாயாக இருந்த பெறுமதி 360 வரை போனதால், ஏலத்தில் ரூபாய்க் கணக்கில் விலை உயர்ந்து, கொழுந்து குறைந்த ஆண்டிலும் கம்பனிகளின் இலாபம் துள்ளியது. அந்த ஓர் ஆண்டு இலாபத்தைப் பங்கின் விலையோடு ஒப்பிட்டால் எந்தத் தோட்டக் கம்பனியும் மலிவாகத்தான் தெரியும். பொறுப்பான முகாமையாளர் அங்கே நிற்கமாட்டார். ரூபாய் நிலைத்துவிட்டால் என்ன ஆகும், 2021 இல் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 2024 இல் 1,350 ஆனதை எந்த வருமானம் தாங்கும், மீள்நடுகைக்குச் செலவிடுகிறார்களா, தாய்க் கம்பனிக்கு முகாமைக் கட்டணமாக எவ்வளவு போகிறது என்று கேட்பார். தொழிலாளரின் வரவும் சம்பளமும் பதியும் செக்ரோல் எழுதிப் பழகிய உங்களுக்கு, இந்தக் கேள்விகளின் கனம் முகவரைவிட நன்றாகவே விளங்கும்.

எனவே, கடைசியாக வாங்கிய இரண்டு நிறுவனங்களை ஏன் வாங்கினார்கள், எது நடந்தால் விற்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வாங்கிய காரணத்தைப் பலரும் அழகாகச் சொல்வார்கள். விற்கும் காரணத்தை முன்கூட்டியே தீர்மானித்தவர்கள் குறைவு. என் அனுபவத்தில், ஆளை அடையாளம் காட்டுவது இந்தக் கேள்விதான்.

அடுத்தது, வெளியேறும் வழி. சிறு நிறுவனப் பங்குகளில் பெரும்பகுதி தாய்க் கம்பனியிடமே முடங்கிக் கிடக்கும். சந்தையில் புழங்குவது சொற்பம். ஒரு பங்கு நாளொன்றுக்கு ஐந்து இலட்சம் ரூபாய்க்குக் கைமாறுகிறது என்று வையுங்கள். விலையை விழுத்தாமல் அதில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது ஒரு இலட்சம் ரூபாய்க்கு, நிதியம் விற்கலாம் என்று கொண்டால், அதனிடமுள்ள இரண்டு கோடி ரூபாய்ப் பங்கை விற்று முடிக்க 200 வர்த்தக நாட்கள் வேண்டும். ஏறக்குறைய ஓர் ஆண்டு! இந்தியாவில் நடுத்தர, சிறு நிறுவன நிதியங்கள் தம் முதலீட்டில் கால்வாசியையும் பாதியையும் விற்க எத்தனை நாள் பிடிக்கும் என்பதை 2024 மார்ச்சிலிருந்து மாதந்தோறும் வெளியிடுகின்றன. உங்கள் முகவரிடமும் அதே இரு எண்களைக் கேளுங்கள். நிதியத்தின் பணம் பெருகினால் எந்த அளவில் புதிய பணம் வாங்குவதை நிறுத்துவார்கள் என்பதும் இதைச் சேர்ந்த கேள்வியே. விற்கவே முடியாத நாட்களும் வரலாம்: 2022 ஏப்ரல் 18 முதல் ஒரு வாரம் சந்தையே மூடிக் கிடந்ததை நாம் கண்டிருக்கிறோம்.

சொல்வதைச் செய்கிறார்களா என்று பார்க்க, அடுத்தடுத்த இரண்டு ஆண்டறிக்கைகளை வாங்கி, பங்குப் பட்டியல்களை அருகருகே வைத்துப் பென்சிலால் கோடிடுங்கள். "நீண்டகால முதலீடு" என்று முன்பக்கத்தில் எழுதிய ஒரு நிதியத்தின் பட்டியலை நான் அப்படி ஒப்பிட்டபோது, முந்தைய ஆண்டின் பெயர்களில் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தன. காரணம் சொல்லும் ஒரு வரிகூட அறிக்கையில் இல்லை.

நிதியத்துக்குப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் அனுமதி உண்டா, முதலீட்டாளர் சார்பில் நிதியத்தின் சொத்தைப் பாதுகாக்கும் நம்பிக்கைப் பொறுப்பாளர் எந்த வங்கி, ஆண்டுக் கட்டணமும் வெளியேறும் கட்டணமும் எவ்வளவு என்பவற்றை விளக்கப் பத்திரத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பதில்கள் திருப்தியாக இருந்தாலும், ஐந்தாறு ஆண்டுகளுக்குள் வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ பிள்ளைகளுக்கோ தேவைப்படக்கூடிய எந்தப் பணத்தையும் இதில் போடாதீர்கள். சேமலாப நிதிப் பணத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்பேன். அதையும் ஒரே தடவையில் கொடுக்காமல், ஓர் ஆண்டில் நான்கு தவணையாகப் பிரித்துப் போடுங்கள். ஆண்டறிக்கைகளைக் கொண்டுவர முகவர் தயங்கினால், முதல் தவணையையும் கொடுக்க வேண்டாம்.