மாரடைப்புக்குப் பிறகு வீக்க மாத்திரை சாப்பிடலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. ஐந்து மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், டிக்காக்ரெலார், கொழுப்பைக் குறைக்க அடோர்வாஸ்டாட்டின், ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறார். முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்காக முன்பு அடிக்கடி டிக்லோஃபெனாக் என்ற வீக்க மாத்திரை எடுப்பார். இதய மருத்துவர் அதை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆனால் மாரடைப்பில் இதயம் கெடுவதில் அழற்சிக்கு (காயத்துக்கு உடம்பு காட்டும் வீக்க எதிர்வினை) பெரிய பங்கு உண்டு, அழற்சியைக் குறைக்கும் மருந்தும் மூலிகைச் சாறும் கொடுத்த எலிகளுக்கு இதயச் சேதம் குறைந்தது என்றெல்லாம் ஆய்வுச் செய்திகளில் படிக்கிறோம். "அப்படியானால் வீக்க மாத்திரை மூட்டுக்கும் நல்லது, இதயத்துக்கும் நல்லதுதானே, ஏன் நிறுத்தணும்?" என்று அப்பா கேட்கிறார். மூலிகை கேப்ஸ்யூல் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: அப்பாவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் முதலில் அவசரமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். டிக்லோஃபெனாக்கை மறுபடி தொட வேண்டாம். இதே வகையைச் சேர்ந்த ஐபுபுரூஃபன், அசிக்ளோஃபெனாக், எட்டோரிகாக்சிப் ஆகியவற்றுக்கும் இதே பதில்தான். பாராசிட்டமாலோடு சேர்த்த கூட்டு மாத்திரையாகவும் இவை வரும். அட்டையின் பின்னால் உள்ள பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். மருத்துவர் நிறுத்தியது சரி. அது ஏன் சரி என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். காரணம் புரியாமல் நிறுத்திய மாத்திரை, முழங்கால் வலி தாங்காத ஓர் இரவில் மறுபடி வாய்க்குள் போய்விடும்.

மாரடைப்பில் நடப்பது இதுதான். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுகிறது. அதை நம்பியிருக்கும் தசைச் செல்கள் அரை மணி நேரத்துக்குள்ளேயே சாகத் தொடங்குகின்றன. செத்த செல் உடைந்து உள்ளே இருந்தவை வெளியே சிந்துகின்றன. அவற்றை உடம்பு ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறது. இன்ஃப்ளமசோம் எனப்படும் புரதத் தொகுப்பு உருவாகி, இன்டர்லூகின்-1 பீட்டா என்ற வேதித் தூதுவனை முடுக்கிவிடுகிறது. அது கூப்பிட, நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் சில மணி நேரத்திலேயே அந்த இடத்தில் வந்து குவிகின்றன. அவை வெளியிடும் நொதிகளும் வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகளும் செத்த தசையோடு நிற்பதில்லை. ஓரத்தில் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கும் தசையையும் கெடுக்கின்றன. அடைப்பை நீக்கி ரத்தம் திரும்பப் பாயும்போதும் இந்தச் சேதம் ஓரளவு நடக்கிறது. (அதற்காக அடைப்பை நீக்காமல் விட முடியாது, நீக்கினால்தான் தசை பிழைக்கும், ஆளும் பிழைப்பார்.) ஆக, அழற்சியால் இதயம் கெடுகிறது என்று நீங்கள் படித்தது உண்மை.

ஆனால் அது பாதி உண்மை. நியூட்ரோபில்களுக்குப் பின்னால் மேக்ரோபேஜ் செல்கள் வருகின்றன. முதல் சில நாட்கள் அவை செத்த தசையைத் தின்று அகற்றுகின்றன. அப்புறம் அவற்றின் குணம் மாறுகிறது. அழற்சியை அடக்கி, நார்த்திசுச் செல்களை வேலைக்கு அழைக்கின்றன. அந்தச் செல்கள் கொலாஜன் நாரை நெய்கின்றன. சில வாரங்களில் செத்த தசை இருந்த இடத்தில் உறுதியான தழும்பு நிற்கிறது. இதயத் தசை தோலைப்போலத் திரும்ப வளராது என்பதால், அந்தத் தழும்புதான் இதயச் சுவரைத் தாங்கிப் பிடிக்கிறது. இதயச் சுவர் கிழிந்துபோகும் அரிதான, கொடிய சிக்கல் பெரும்பாலும் முதல் வாரத்தில்தான் வரும். பழைய தசை கரைந்து, புது நார் இன்னும் சேராத நாட்கள் அவை. அந்த நேரத்தில் அழற்சியை ஒட்டுமொத்தமாக அமுக்கினால் பழுதுபார்க்கும் வேலையும் சேர்ந்தே நின்றுவிடும். எந்த அழற்சியை, எந்த நாளில், சங்கிலியின் எந்தக் கண்ணியில் தடுப்பது என்பதில்தான் இந்தத் துறையின் ஆராய்ச்சி பல பத்தாண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

1970களில் ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். அழற்சியை அடக்க அதைவிட வலுவான மருந்து அப்போது கையில் இல்லை. 1976இல் வெளியான ஓர் ஆய்வில், மெத்தில்பிரட்னிசலோனைத் திரும்பத் திரும்பப் பெற்ற நோயாளிகளுக்குச் சேதம் கூடியதாகத் தெரிந்தது. தழும்பு மெலிந்து சுவர் பலவீனமாகும் என்ற அச்சமும் எழுந்தது. பின்னர் வந்த தொகுப்பாய்வுகளில் அந்த அச்சம் அவ்வளவாக உறுதிப்படவில்லை. ஆனாலும் மாரடைப்புக்கு ஸ்டீராய்டு இன்றுவரை வழக்கமான சிகிச்சையாகவில்லை.

இனி அப்பாவின் டிக்லோஃபெனாக். இன்டர்லூகின் வழியை அது தொடுவதே இல்லை. காக்ஸ் என்ற நொதியைத் தடுத்து, வலியையும் மூட்டு வீக்கத்தையும் குறைக்கிறது, அவ்வளவுதான். தொல்லை எங்கே என்றால், ரத்தக் குழாயின் உட்சுவர் தன்னைப் பாதுகாத்துக்கொள்ளச் சுரக்கும் புரோஸ்டாசைக்ளினும் இந்த நொதியால்தான் உருவாகிறது. குழாயை விரித்து, தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அது குறைந்தால் ரத்தம் உறையும் பக்கம் தராசு சாய்கிறது. கூடவே உப்பும் நீரும் உடம்பில் தங்கும், ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகமும் திணறும். ரோஃபெகாக்சிப் என்ற மாத்திரையை உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானோர் மூட்டு வலிக்குச் சாப்பிட்டார்கள். குடல் கட்டியைத் தடுக்குமா என்று பார்க்க நடத்திய சோதனையில், அதை எடுத்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் ஏறக்குறைய இரு மடங்கு என்று தெரியவர, 2004 செப்டம்பரில் தயாரித்த நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. காக்ஸ் நொதியின் காக்ஸ்-2 என்ற வகையைத் தடுப்பதில் டிக்லோஃபெனாக்கும் ரோஃபெகாக்சிப் போன்ற மருந்துகளுக்கு நெருக்கமானதுதான். ஐபுபுரூஃபனுக்கு இன்னொரு கெடுதல் உண்டு. தட்டணுவில் ஆஸ்பிரின் போய் ஒட்டவேண்டிய இடத்தை அது முன்கூட்டியே அடைத்துக்கொள்ளும். அப்பா ஆஸ்பிரின் சாப்பிட்டும் பலன் குறையும்.

ரத்தக்கசிவையும் மறக்கக் கூடாது. மாரடைப்பு வந்து ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்துக்கொண்டிருந்த 60,000க்கும் மேற்பட்டோரின் பதிவுகளை டென்மார்க்கில் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். கூடவே இந்த வலி மாத்திரைகளையும் எடுத்தவர்களுக்கு ரத்தக்கசிவு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. இரண்டு மூன்று நாள் எடுத்தவர்களுக்குக்கூட ஆபத்து கூடியிருந்தது. "எப்போதாவது ஒன்றுதானே" என்று அப்பா சொன்னால், இதை அவரிடம் சொல்லுங்கள்.

எலிகளுக்கு வருவோம். அந்த ஆய்வுகளை நான் மதிக்கிறேன். மேலே எழுதியவற்றில் பெரும்பகுதி அவற்றிலிருந்து தெரிந்துகொண்டதுதான். ஆனால் அவை எப்படி நடக்கின்றன என்று தெரிந்தால் செய்தியை வேறு கண்ணோடு படிப்பீர்கள். இளம் வயது, நோய் எதுவும் இல்லாத எலி. அதை மயக்கி, மார்பைத் திறந்து, இதயத்தின் முன்புறக் குழாயைச் சுற்றி மெல்லிய நூலைப் போட்டு இறுக்குகிறார்கள். அரை மணி நேரம் கழித்து முடிச்சைத் தளர்த்தி ரத்தத்தைப் பாயவிடுகிறார்கள். பின்பு இதயத்தை எடுத்து, குறுக்காக மெல்லிய வில்லைகளாக வெட்டி, ஒரு சாயத்தில் ஊறவைக்கிறார்கள். உயிருள்ள தசை செங்கல் சிவப்பாக மாறும். செத்த தசை வெளுத்தே கிடக்கும். வெளுத்த பரப்பை அளந்து, மருந்து பெற்ற எலிக்கும் பெறாத எலிக்கும் வித்தியாசம் பார்க்கிறார்கள். மூலிகைச் சாறுகளை ஆராய்பவர்கள் பெரும்பாலும் நூல் முறையைக்கூட எடுப்பதில்லை. ஐசோபுரோட்டிரினால் என்ற மருந்தை அடுத்தடுத்து இரண்டு நாள் மிக அதிக அளவில் ஊசி போட்டு இதயத் தசையைக் கெடுக்கிறார்கள். சாற்றையோ அதற்குச் சில வாரம் முன்பிருந்தே தினமும் கொடுத்து வந்திருப்பார்கள்.

மாரடைப்பு எந்த நாளில் வரும் என்று தெரிந்து அதற்கு முந்தைய வாரமே மருந்தைத் தொடங்க மனிதரில் யாராலும் முடியாது. வலி தொடங்கிப் பல மணி நேரம் கழித்து மருத்துவமனைக்கு வருகிறவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும், சர்க்கரை இருக்கும், குழாய்ச் சுவரில் பல ஆண்டுக் கொழுப்பு படிந்திருக்கும். இதனால்தான் எலியிலும் பன்றியிலும் நன்றாக வேலை செய்த பல மருந்துகள் மனிதரிடம் வந்து தோற்றன. அழற்சியில் பங்கெடுக்கும் காம்ப்ளிமென்ட் புரதத்தைத் தடுக்கும் பெக்செலிசுமாப் 2007இல் தோற்றது. ரத்தம் திரும்பும்போது நேரும் சேதத்தைத் தடுக்கும் என்று பெரிதும் நம்பப்பட்ட சைக்ளோஸ்போரின் 2015இல் தோற்றது. அப்பா வாங்கி வைத்திருக்கும் கேப்ஸ்யூலுக்கு இப்படித் தோற்கும் வாய்ப்புகூடக் கிடைத்திருக்காது. மாரடைப்பு வந்த மனிதரிடம் அதைச் சோதித்தே பார்த்திருக்கமாட்டார்கள்.

அப்படியானால் அழற்சியைக் குறைத்தால் பலனே இல்லையா என்றால், இருக்கிறது. அதை முதன்முதலாகத் தெளிவாக நிரூபித்தது 2017இல் வெளியான கான்டோஸ் ஆய்வு. பாஸ்டனைச் சேர்ந்த பால் ரிட்கர் தலைமையில் நடந்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்து, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதத்தின் அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்த 10,061 பேர் அதில் பங்கெடுத்தார்கள். இன்டர்லூகின்-1 பீட்டாவை மட்டும் குறிவைத்துத் தடுக்கும் கானகினுமாப் என்ற ஊசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டார்கள். கொழுப்பு அளவு இறங்கவில்லை. ஆனாலும் 150 மில்லிகிராம் பெற்றவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைத்தும் இதயத்தைக் காக்க முடியும் என்பது அன்றுதான் உறுதியானது. ஆனால் நோய்த்தொற்றால் இறந்தவர்கள் அந்த ஊசி பெற்றவர்களில் அதிகம். மொத்த இறப்பு எண்ணிக்கை குறையவே இல்லை. இதய நோய்க்கு அந்த ஊசி பயன்பாட்டுக்கு வரவும் இல்லை. அடுத்து, மூட்டு வாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டைக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை. அது இன்டர்லூகின்-1 பீட்டாவைக் குறைக்கவே இல்லை.

இப்போது பேச்செல்லாம் கோல்கிசின் பற்றித்தான். கௌட் எனப்படும் மூட்டு நோய்க்கும், இதய உறை அழற்சிக்கும் பல காலமாகக் கொடுக்கும் மலிவான மாத்திரை. நியூட்ரோபில்களின் நடமாட்டத்தைத் தடுக்கும். இன்ஃப்ளமசோம் ஒன்றுசேர்வதையும் தடுக்கும். மாரடைப்பு வந்து 30 நாளுக்குள் தினமும் அரை மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த 2019ஆம் ஆண்டு ஆய்வில் 4,745 பேர். மீண்டும் இதயத் தொல்லை வந்தவர்கள் மருந்தில்லாதோரில் 7.1 சதவீதம், மருந்து பெற்றோரில் 5.5 சதவீதம். நாள்பட்ட இதயக் குழாய் நோய் உள்ளவர்களிடம் 2020இல் வந்த முடிவு இதைவிட நன்றாக இருந்தது: 9.6 சதவீதம் 6.8 ஆகக் குறைந்தது. 2023இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதற்கு ஒப்புதலும் கொடுத்தது. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அப்புறம் 2024இல், மாரடைப்பு வந்த 7,062 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு வந்தது. மருந்து பெற்றோரில் 9.1 சதவீதம், மருந்தில்லாதோரில் 9.3, அதாவது வித்தியாசமே இல்லை, வயிற்றுப்போக்குதான் கூடியது. என் கணிப்பு: மாரடைப்பு வந்த உடனே எல்லோருக்கும் கொடுக்க இது இன்னும் தகுதி பெறவில்லை. நோய் நிலைப்பட்ட பிறகு, சிறுநீரகம் நன்றாக இருந்து, அடோர்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் மாத்திரையைச் சரியாக எடுத்தும் சி.ஆர்.பி. இறங்காத சிலருக்கு, இதய மருத்துவர் யோசித்துக் கொடுக்கலாம்.

அப்பாவாகவே வாங்கிச் சாப்பிடக் கூடாத மருந்து இது. பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. சிறுநீரகம் பழுதானவருக்கும், கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக் எடுப்பவருக்கும், டில்டியாசெம், வெராபமில் எடுப்பவருக்கும் அது உடம்பில் தேங்கிவிடும். ஸ்டாட்டினோடு சேர்ந்து தசையைப் பலவீனப்படுத்துவதும் உண்டு. செங்காந்தள் கிழங்கிலும் இதே கோல்கிசின்தான் இருக்கிறது. அந்தக் கிழங்கைத் தின்று உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து இறந்தவர்கள் உண்டு. "இயற்கையாகவே எடுத்துக்கொள்கிறேன்" என்று யாரும் அந்தப் பக்கம் போய்விடக் கூடாது.

சரி, முழங்காலுக்கு என்ன செய்வது? மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் எடுக்கலாம். மேலே தடவும் வலி நிவாரண ஜெல் ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும், கேட்டுக்கொண்டு பூசலாம். தொடையின் முன்புறத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொண்டு தினமும் செய்தால் சில வாரங்களில் வித்தியாசம் தெரியும். இதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். கேப்ஸ்யூலை நிறுத்தி வையுங்கள். சில மூலிகைகள் கல்லீரலில் மருந்து சிதையும் வேகத்தை மாற்றும். டிக்காக்ரெலாரும் அடோர்வாஸ்டாட்டினும் அந்த வழியாகத்தான் சிதைகின்றன. ஸ்டாட்டினே அழற்சியையும் ஓரளவு குறைக்கும் என்பது அப்பாவுக்குத் தெரிந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அடுத்த முறை இதய மருத்துவரிடம் போகும்போது கேப்ஸ்யூல் டப்பாவையும் அண்மையில் எடுத்த கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) முடிவையும் கொண்டுபோய், கோல்கிசின் தேவையா என்று நேரடியாகவே கேளுங்கள்.

இந்த ஐந்து மாதத்தில் அப்பா உங்களுக்குத் தெரியாமல் டிக்லோஃபெனாக் எடுத்திருந்தால் திட்டாதீர்கள். மலம் தார்போலக் கறுத்துப் போனதா, காலில் வீக்கம் வந்ததா, மூச்சு வாங்குகிறதா என்று மட்டும் கேளுங்கள். ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ஆஸ்பிரினையும் டிக்காக்ரெலாரையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதத்தில் அதை முடிவு செய்யவேண்டியவர் மருத்துவர் மட்டும்தான்.