ஒரே விலையில் பழைய சொகுசு வேகனும் பிக்கப்பும்: எதை வாங்கலாம்?

கேள்வி: நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், கூடவே ஒரு லாப்ரடார். தினமும் 50 கி.மீ. நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய்வருகிறேன். ஓய்வு நேரத்தில் மரவேலை செய்வேன். மாதம் ஒருமுறை பலகை, பிளைவுட் வாங்கி வர வேண்டும். 2014 மாடல் மெர்சிடிஸ் இ-கிளாஸ் ஸ்டேஷன் வேகன் (கூரை பின்கதவு வரை நீளும் கார்) ஒன்றும், அதைவிடப் புதிய டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கேப் (இரண்டு வரிசை சீட் உள்ள) பிக்கப் ஒன்றும் ஒரே விலைக்கு வருகின்றன. எதை எடுக்கலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது லாப்ரடார்தான். டபுள் கேப்பின் பின் சீட்டில் பிள்ளைகள் உட்கார்ந்துவிட்டால் அதற்கு வசதியான இடம் இல்லை. திறந்த தொட்டியில் ஏற்றி நெடுஞ்சாலையில் போவது ஆபத்து. ஒரு திடீர் பிரேக் போதும். வேகனில் சீட்டுக்குப் பின்னால் வலையைக் கட்டிவிட்டால், உங்களோடு அதே ஏசி காற்றில் படுத்துக்கொண்டே வரும்.

அடுத்தது பலகை. பிக்கப் என்றாலே நீளமான சாமான் ஏறும் என்று நினைக்கிறோம். ஆனால் டபுள் கேப் ஹைலக்ஸின் தொட்டி ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்தான். அந்த வேகனில் பின் சீட்டை மடக்கினால் 1,950 லிட்டர் இடம் கிடைக்கும், நீளமும் கிட்டத்தட்ட 2 மீட்டர் வரும். கதவைச் சாத்திக்கொண்டு போகலாம், மரம் மழையில் நனையாது. எட்டுக்கு நாலு பிளைவுட் மட்டும் முழுசாக உள்ளே போகாது. அறுத்து வாங்குங்கள், இல்லையென்றால் கூரையில் கேரியர் போட்டுக் கட்டுங்கள், 100 கிலோ வரை தாங்கும்.

எடை என்று வந்தால் கதை வேறு. ஏணி போன்ற அடிச்சட்டமும், இரும்புப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்கும் உள்ள ஹைலக்ஸ் ஏறக்குறைய ஒரு டன் சுமக்கும். வேகனுக்கு ஆட்களையும் சேர்த்து 500, 600 கிலோதான் கணக்கு. நீங்கள் மணல், செங்கல் ஏற்றுபவராக இருந்தால் யோசிக்காமல் பிக்கப் என்று சொல்லியிருப்பேன். ஆனால் அதே லீஃப் ஸ்பிரிங், தொட்டி காலியாக இருக்கும்போது ஒவ்வொரு பள்ளத்தையும் பின் சீட்டுக்குக் கடத்தும். உங்கள் வண்டி மாதத்தில் 29 நாள் காலியாகத்தானே ஓடப்போகிறது!

ஆகவே உங்களுக்கு வேகன்தான் பொருத்தம். சரி, இனி சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். பழைய சொகுசு வண்டியின் விலை இறங்கிவிடும், அதன் உதிரிப் பாகங்களின் விலை இறங்காது. இந்த வேகனின் பின்பக்கம், இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக, ரப்பர் காற்றுப் பைகள்மேல் நிற்கிறது. ரப்பருக்கு வயதானால் மெல்லக் கசியும். கசிவை ஈடுகட்ட, அவற்றுக்குக் காற்றடைக்கும் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடி அதுவும் கருகும். நான் முன்பு வைத்திருந்த வேறொரு வேகனில் கசிவைச் சில மாதம் கவனிக்காமல் விட்டேன். காற்றுப் பைக்கு மட்டும் ஆகியிருக்க வேண்டிய செலவு, கம்ப்ரசரையும் சேர்த்துப் பல மடங்கானது.

அதனால் பார்க்கப் போகும்போது, முந்தின இரவே வண்டியைச் சமதரையில் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். விடிந்ததும், யாரும் ஸ்டார்ட் செய்யும் முன், பின்பக்கம் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் குளிர்ந்த இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியதற்கு சர்வீஸ் புத்தகத்தில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாத ஒரு மெக்கானிக்கிடம் காசு கொடுத்துப் பரிசோதிப்பது மிக அவசியம்.

வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் வருட ரிப்பேருக்குத் தனியாக எடுத்து வையுங்கள். அது முடியாது என்றாலோ, காலையில் வண்டி தாழ்ந்து நின்றும் விற்பவர் விலையைக் குறைக்க மறுத்தாலோ, அந்த வேகனை விட்டுவிடுங்கள். ஹைலக்ஸ் எடுத்தால் பின் சீட்டில் லாப்ரடாரையும் பிள்ளைகளையும் நெருக்கி உட்கார வைத்துத்தான் போக வேண்டியிருக்கும். அதற்கு வீட்டில் சம்மதமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.