சுவரைக் கட்டும்போது அரசியல் இல்லை

அன்புள்ள அண்ணாச்சி,

போன ஞாயிறு எங்கள் சபையில் போதகர் ஐயர், வயிற்றில் இருக்கும் சிசுவும் கடவுள் தந்த உயிர்தான், அழிக்கக் கூடாது என்று பிரசங்கம் செய்தார். நல்ல சத்தமாக ஆமென் வந்தது. அதே மூச்சில், சாதிக்காக வெட்டுப்பட்டுச் சாகிறவனும் அந்த உயிர்தான் என்றார். சபை கம்மென்று ஆகிவிட்டது. வெளியே வந்ததும், கோயிலில் அரசியல் பேசலாமா என்று ஒரே பேச்சு. நீங்கள் சொல்லுங்கள், பேசலாமா?

ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

ஐயர் இரண்டு தடவையும் ஒன்றைத்தான் சொன்னார். முதல் தடவை கேட்டவர்களுக்குச் செலவு ஒன்றும் இல்லை. இரண்டாவது, சிலருக்குத் தங்கள் தெருப் பெயரைச் சொன்ன மாதிரி இருந்திருக்கும். (அந்த முதல் ஆமெனையும் நான் முழுசாக நம்பமாட்டேன். மூன்றாவதும் பேத்தி என்றதும் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்காத ஒரு தாத்தா, எங்கள் சபையிலும் ஓங்கித்தான் ஆமென் சொல்வார்.)

நம் வடக்கன்குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் புனிதராக்கப்பட்ட தேவசகாயம், 1745-இல் ஞானஸ்நானம் பெற்ற ஊர். அதே ஊரில் 1870-களில் எழும்பிய கோயிலுக்குக் கால்சட்டை மாதிரி இரண்டு கால். மேல்சாதி என்று சொல்லிக்கொண்டவர்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று, பீடம் மட்டும் பொது. 1910-இல் கௌசானல் சாமியார் நடுச்சுவரை இடித்தார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. சுவர் வேண்டும் என்றவர்கள் தோற்றார்கள். சுவரைக் கட்டும்போது அது வழக்கம். இடிக்கும்போதுதான் அரசியல்.

சரி, இவ்வளவு பேசுகிற நான் என்ன செய்தேன்?

1999 ஜூலை 23, வெள்ளிக்கிழமை. கூலி உயர்வு கேட்டும், ஜெயிலில் இருந்த தொழிலாளர்களை விடச் சொல்லியும் வந்த மாஞ்சோலை தேயிலை எஸ்டேட்காரர்களின் ஊர்வலத்தில் போலீஸ் தடியடி. தாமிரபரணியில் 17 பேர் இறந்தார்கள், அதில் ஒரு குழந்தை. ஞாயிறு ஆராதனையில் மழைக்கு ஜெபித்தோம். படிக்கிற பிள்ளைகளுக்கு ஜெபித்தோம். வளைகுடா போகிற ஒருவருக்கும் ஜெபித்தோம். ஆறு நடந்து போகிற தூரத்தில்தான் இருந்தது. ‘தேவன் தம்முடைய சாயலாக மனுஷனைச் சிருஷ்டித்தார்’ என்பது எனக்குச் சண்டே ஸ்கூலிலேயே மனப்பாடம். ஆனாலும் குனிந்த தலை நிமிராமல் இருந்தேன்.

ஐயர் முடிக்கப் போகிற நேரம், முன்னால் பாயில் இருந்த ஒரு ஆச்சி சத்தமாகவே சொன்னாள்: “ஆத்தோட போன பிள்ளைக்கும் சேத்து ஜெபிங்கய்யா.”

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். அப்புறம் ஜெபித்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் ஒரு கமிட்டி மெம்பர் அவளை மறித்தார். “என்ன ஆச்சி, எப்பம் கட்சியில சேந்தீக?”

ஆச்சி செருப்பைத் தேடிக்கொண்டே, “அந்தப் பிள்ளை பேரு என்னன்னு தெரியுமாய்யா?” என்று கேட்டாள்.

அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் தெரியவில்லை.