நீச்சல் தொட்டி: அடித்தரையும் லைனரும் – நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: சென்ற ஏப்ரலில் 15 அடி விட்டமும் 4 அடி உயரமும் உள்ள, இரும்புச் சட்டத்தில் பொருத்தும் வட்ட நீச்சல் தொட்டி ஒன்றை இணையதளம் வழியாக வாங்கி, எங்கள் வீட்டுத் தோட்டத்தில் புல்தரை மீதே நிறுத்தினோம். இரண்டே மாதத்தில் அடியில் மேடும் பள்ளமும் தோன்றின. தண்ணீரைத் தாங்கும் பிளாஸ்டிக் ஷீட் சுருங்கி மடிப்பு மடிப்பாக நிற்கிறது. தினமும் ஓர் அங்குலம் தண்ணீர் குறைகிறது. விற்றவரைக் கேட்டால், 'தரைக்கு உத்தரவாதம் கிடையாது' என்கிறார். ஓட்டையை அடைத்தால் போதுமா? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? – வாசகர், அரியாங்குப்பம்

பதில்: நீங்கள் குறிப்பிடும் மூன்று குறைகளும் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து, அதாவது ஷீட்டுக்குக் கீழே இருக்கும் மண்ணிலிருந்து தொடங்குகின்றன. ஆகவே பேட்ச் ஒட்டுவதை இரண்டாம் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொட்டியில் சுமார் 17,000 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. அதன் எடை 17 டன். இவ்வளவு பாரத்தை மெல்லிய பி.வி.சி. ஷீட் தாங்குவதில்லை, தரைதான் தாங்குகிறது. தரையில் ஒரு சிறு கல் இருந்தாலும் அதற்கு மேலே நிற்கும் தண்ணீரின் பாரம் ஷீட்டை அதன் முனையில் வைத்து அழுத்திக்கொண்டே இருக்கும்.

முதலில் தண்ணீர் உண்மையாகவே கசிகிறதா, வெயிலில் ஆவியாகிறதா என்று உறுதிசெய்யுங்கள். ஒரு வாளியில் முக்கால் அளவு தண்ணீர் நிரப்பி, தொட்டிக்குள் ஏணிப்படியில் வைத்து, வாளிக்குள் இருக்கும் மட்டத்தையும் தொட்டியின் மட்டத்தையும் பேனாவால் குறித்துவிட்டு, பம்பை நிறுத்தி, 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு குறைந்திருந்தால் அது வெறும் ஆவியாதல். தொட்டியில் மட்டும் கூடுதலாகக் குறைந்திருந்தால் அது கசிவு. உங்கள் தொட்டியின் பரப்புக்கு ஓர் அங்குலம் என்பது ஏறத்தாழ 400 லிட்டர்; வெயில் மட்டும் ஒரு நாளில் இவ்வளவை எடுத்துவிடாது. அதன் பிறகு தண்ணீரை நிரப்பாமல் விட்டு, எந்த உயரத்தில் குறைவது நிற்கிறது என்று கவனியுங்கள். குழாய் இணைப்பின் மட்டத்தில் நின்றால் அங்கேயே கசிவு இருக்கிறது. நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால் ஓட்டை அடித்தளத்தில் இருக்கிறது. சந்தேகமான இடத்தில், தண்ணீர் அசையாமல் இருக்கும்போது, கேசரிப் பவுடர் கரைத்த நீரை ஊசியில்லாத சிரிஞ்சால் மெல்ல விடுங்கள். ஓட்டை இருந்தால் அந்த நிறம் ஒரு நூல்போல உள்ளே இழுபடும்.

அடியில் ஓட்டை இருந்தால், மண்ணுக்குள் கிழங்கிலிருந்து முளைக்கும் கோரைப் புல்லைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். முத்தியால்பேட்டையில் எங்கள் உறவினர் வீட்டுத் தொட்டியைக் காலி செய்து ஷீட்டைப் புரட்டியபோது, ஊசிமுனை போன்ற வெளிர்பச்சைக் குருத்துகள் பதினொன்று, ஷீட்டைத் துளைத்துக்கொண்டு வரிசையாக நின்றதை நான் நேரில் கண்டேன். ஒவ்வொன்றைச் சுற்றியும் ஷீட்டின் ஓரம் மேல்நோக்கிச் சிறிது உயர்ந்திருந்தது. மேலிருந்து கூரான பொருள் விழுந்திருந்தால் அந்த ஓரம் கீழ்நோக்கி அமுங்கியிருக்கும். இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்துப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அது உதவும்.

ஓட்டை சிறியதாக இருந்தால் தண்ணீரை வெளியேற்றாமலேயே, நீருக்குள் ஒட்டக்கூடிய வினைல் பசையைக் கொண்டு அடைத்துவிடலாம். ஒட்டுத் துண்டை வட்டமாக வெட்டுங்கள். மூலை இருந்தால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது இரண்டு அங்குலம் மூடவேண்டும். துணி சுற்றிய செங்கல் ஒன்றை அதன்மேல் ஒரு நாள் முழுவதும் வைத்துவிடுங்கள். வீட்டில் இருக்கிறது என்பதற்காகத் தண்ணீர்க் குழாய்க்கு ஒட்டும் சால்வென்ட் சிமெண்டையோ எபாக்சி பசையையோ தடவ வேண்டாம். அவை காய்ந்து விறைத்துவிடும், ஷீட்டோ வளைந்துகொடுக்கும். ஓரிரு வாரத்தில் ஒட்டு பெயர்ந்து, முன்பைவிடப் பெரிய கிழிசலாகும்.

ஆனால் உங்கள் தொட்டியில் மேடுபள்ளமும் சேர்ந்திருப்பதால், ஒருமுறை காலி செய்து அடித்தரையைப் புதிதாக அமைப்பதே சரி. அந்த வேலையை வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்த பிறகு தொடங்குங்கள். ஷீட்டைக் கழற்றியவுடன் நிழலில் மடித்து வையுங்கள். புல்லைச் செதுக்கினால் மட்டும் கோரை போகாது. கிழங்கு மண்ணுக்குள் ஆழத்தில் இருப்பதால், தோண்டிச் சலித்துக் கிழங்குகளைப் பொறுக்கி எடுக்கவேண்டும். ஒரே முறையில் அது முடிந்துவிடாது. இரண்டு வாரம் விட்டு, முளைத்தவற்றை மறுபடி கிழங்கோடு எடுங்கள். பிறகு கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவலைக் கொண்டு மட்டம் பாருங்கள். ஒரு விளிம்புக்கும் எதிர் விளிம்புக்கும் இடையே ஓர் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. வித்தியாசம் இருந்தால் மேடான பக்கத்தை வெட்டித்தான் சமப்படுத்த வேண்டும். பள்ளத்தில் மண்ணைக் கொட்டி உயர்த்தினால், 17 டன் ஏறியதும் அந்த மண் அமுங்கி, தொட்டி ஒருபக்கமாகச் சாயும். சாய்ந்த பக்கத்துக் கால்களில் பாரம் கூடும். தரையைத் திமிசுக் கட்டையால் நன்கு இடித்துக் கெட்டிப்படுத்தி, கால்கள் நிற்கும் இடங்களில் பேவர் பிளாக்குகளைத் தரைமட்டத்துக்குப் புதைத்து, நடுவில் சலித்த பூச்சு மணலை ஓர் அங்குலம் பரப்பி, அதன்மேல் கெட்டியான ஃபோம் ஷீட்டை விரித்துவிட்டுத் தொட்டியை நிறுத்துங்கள். அருகிலேயே கிடைக்கிறது என்று கடற்கரை மணலை அள்ளிவர வேண்டாம். அதிலிருக்கும் உப்பு இரும்புக் கால்களை அரித்துவிடும்.

மடிப்புகளை நீக்க, இரண்டு அங்குலம் தண்ணீர் மட்டும் விட்டு, நண்பகல் வெயிலில் ஷீட் இளகியிருக்கும்போது, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வெறுங்காலால் தேய்த்துத் தள்ளுங்கள். பிளீச்சிங் பவுடரைத் தூளாகவே தொட்டியில் தூவும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அடியில் தங்கும் அந்தத் தூள், தங்கிய இடத்தில் ஷீட்டை வெளுத்து உடையவைக்கும். தனி வாளித் தண்ணீரில் தூளைப் போட்டுக் கரைத்து, தெளிவை மட்டும் ஊற்றுங்கள்.

இனிப் பணத்தைப் பற்றி. ஷீட்டின் இரண்டு பாகங்களை ஒட்டிய இணைப்புக் கோடு பிரிந்திருந்தால் அது பெரும்பாலும் தயாரிப்புக் குறை. விற்றவர் தரையைக் காரணம் காட்டி எளிதில் ஒதுங்க முடியாது. கோரை துளைத்த ஓட்டை என்றால், புல்லை அகற்றச் சொல்லிக் கையேட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் உங்கள் வாதம் பலவீனமானது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. மாறாக, விற்பனைப் பக்கத்தில் 'புல்தரையில் அப்படியே நிறுத்தலாம்' என்ற பொருளில் எழுதியிருந்தாலோ படம் போட்டிருந்தாலோ, அது மாற்றப்படுவதற்கு முன் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அதன்பின் அந்த இணையதளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். அங்கே தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதற்கும் பலனில்லை என்றால் புதுச்சேரியிலுள்ள நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் வாங்கியவர் வசிக்கும் இடத்தில் வழக்குத் தொடர இடமளிக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடரவேண்டும். ஷீட்டைப் பரிசோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்பதால், பழுதான பகுதியை ஒட்டுவதற்கு முன் அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். ஷீட்டை மாற்றினால் பழையதைத் தூக்கி எறியாதீர்கள்.

கேள்வி: கடலூரில் சிறிய விருந்தினர் இல்லம் நடத்துகிறேன். தகட்டுச் சுவரும், உள்ளே விரிக்கும் தனி ஷீட்டும் (லைனர்) உள்ள தொட்டியை அமைத்துக் கொடுத்தவர், மழைக்காலத்தில் காலி செய்து வைக்கச் சொன்னார். அப்படியே செய்தேன். முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது லைனர் மேலெழும்பி, அடியிலிருந்த மணல் கரைந்துபோனது. 'இயற்கைச் சீற்றம், நான் பொறுப்பல்ல' என்கிறார். – வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: காலி செய்ததுதான் தவறு. தொட்டிக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே நிற்கும் தண்ணீரைவிட உயரமாக இருக்கும் வரை லைனர் மேலே எழும்பாது. பருவமழைக்கு முன் மட்டத்தைச் சற்றுக் குறைக்கலாமே தவிர, முழுவதும் இறைத்துவிடக் கூடாது. தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் கண்ட கடலூரில், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது பக்கத்துப் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டிய பிறகு, முற்றத்தில் தண்ணீர் நிற்கும் என்று எதிர்பார்க்கவில்லை என ஒரு தொழில்காரர் சொல்வதை ஏற்பதற்கில்லை. காலி செய்யச் சொன்ன அறிவுரை வாட்ஸ்அப்பில் இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆனால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக ஒரு தடை இருக்கிறது. வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை. பிழைப்புக்காகத் தாமே தொழில் நடத்துபவருக்கு மட்டும் விலக்கு உண்டு. நீங்களும் குடும்பத்தாருமே அந்த இல்லத்தை நடத்துகிறீர்கள் என்றால் மனுவின் முதல் பத்தியிலேயே அதை எழுதுங்கள். ஆட்களை வைத்து நடத்தும் பெரிய தொழில் என்றால் உரிமையியல் நீதிமன்றமே வழி.

பழுதுபார்க்கும்போது லைனரின் ஒரு பாதியை மடித்துவிட்டு, மணலைப் புதிதாகப் பரப்பி இடித்து, சுவர் தரையைத் தொடும் மூலை நெடுகிலும் உள்பக்கம் ஒரு சாண் உயரத்துக்கு மணலைச் சரிவாக அணைகட்டச் சொல்லுங்கள். இந்தச் சரிவு இல்லாவிட்டால் தண்ணீரின் பாரத்தில் லைனர் சுவருக்கு அடியில் பிதுங்கிக் கிழியும். பழைய லைனர் காய்ந்து சுருங்கியிருந்தால் திரும்ப இழுத்துப் பொருத்த முயலாமல் புதியது வாங்குங்கள்.

கேள்வி: தோட்டம் இல்லை. இரண்டரை அடி உயரத் தொட்டியை மொட்டை மாடியில் வைக்கலாமா? – வாசகர், லாஸ்பேட்டை

பதில்: வைக்காதீர்கள். அதில் 66 செ.மீ. தண்ணீர் நின்றாலே ஒரு சதுர மீட்டருக்கு 660 கிலோ பாரம் ஏறும்; ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் கணக்கில் கொள்ளும் பாரம் ஏறத்தாழ 150 கிலோதான். கட்டடப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து கம்பியையும் தூண்களையும் பார்த்து எழுத்தில் அனுமதி தராதவரை, விற்பவர் எவ்வளவு உறுதி சொன்னாலும் வாங்க வேண்டாம்.