பழைய தொடரில் முகங்கள் அகன்று தெரிந்தால்

டிவியின் பட அளவை 4:3 என மாற்றுங்கள். சிறுவயதில் ரசித்த தொடரை இப்போது போட்டால் எல்லோர் முகமும் அகன்று தெரிகிறது என்று நீங்கள் எழுதியிருக்கும் குறை பெரும்பாலும் அதிலேயே நீங்கிவிடும்.

அக்காலத் தொடர்கள் பெரும்பாலும் 4:3 விகிதத்தில், அதாவது அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு என எடுக்கப்பட்டவை. இன்றைய அகன்ற 16:9 திரை அவற்றைப் பக்கவாட்டில் இழுத்து நிரப்பும்போது, நமக்கு அவ்வளவு பிடித்த முகங்களே அந்நியமாகிவிடுகின்றன.

கடிகாரமோ சக்கரமோ வரும் காட்சியில் படத்தை நிறுத்திப் பாருங்கள். வட்டம் முட்டை வடிவில் இருந்தால் காரணம் இதுவே. மாற்றியபின் இருபுறமும் வரும் கறுப்புப் பட்டைகள் இருக்கத்தான் வேண்டும்.

வட்டம் சரியாக இருந்து தலையுச்சி மட்டும் வெட்டுப்பட்டிருந்தால், டிவியில் ஜூம் இயங்காத பட்சத்தில், மறுவெளியீட்டின்போதே அகன்ற திரைக்காகப் படத்தின் மேலும் கீழும் நறுக்கியிருக்கக்கூடும். டிவியின் எந்த அமைப்பை மாற்றினாலும் அதை மீட்க முடியாது. கூர்மை சற்றுக் குறைந்தாலும் பழைய டிவிடி பதிப்பைத் தேடுவதே நல்லது.