ஸ்பெயின் ஹோட்டலில் ஏழு இரவுகள்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

சென்ற இதழில், மாட்ரிட்டில் நான்கு இரவும் பார்சிலோனாவில் மூன்று இரவும் ஐந்து நட்சத்திர ஹோட்டல்களில் தங்கியதைப் பற்றி எழுதியிருந்தேன். மார்த்தாண்டம், குளச்சல், கருங்கல், இரணியல் என்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் பல பக்கங்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் தக்கலைக்காரி. மஸ்கட்டில் ஒரு பெரிய ஹோட்டலில் 17 வருஷம் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தேன், அதில் கடைசி ஆறு வருஷம் சூப்பர்வைசர். போன மே மாதம் மகள் ஏற்பாடு செய்து என்னையும் வீட்டுக்காரரையும் ஸ்பெயினுக்கு அனுப்பினாள். விருந்தாளியாக ஒரு பெரிய ஹோட்டலுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை.

மார்த்தாண்டம் வாசகர்: மகன் பார்சிலோனாவில் வேலை பார்க்கிறான். நாங்கள் இருவரும் போகும்போது ஐந்து நட்சத்திர ஹோட்டலில் அறை எடுத்திருக்கிறான். உள்ளே நுழைந்ததும் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்வார்களாமே, கொடுக்கலாமா அக்கா? பணம் முழுவதும் கட்டிய பிறகும் கவுண்டரில் வரி என்று கேட்பார்கள் என்கிறார்கள். அது ஏமாற்றா?

இரண்டுமே சட்டப்படி நடப்பதுதான் அண்ணே, பயப்பட வேண்டாம். தங்க வருகிற ஒவ்வொருவருடைய விவரத்தையும் ஹோட்டல்காரர்கள் அங்கே அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். 2024 டிசம்பரிலிருந்து முன்பைவிடக் கூடுதல் விவரம் கேட்கிறார்கள்: வீட்டு முகவரி, போன் நம்பர், மின்னஞ்சல் எல்லாம். ஊரிலிருந்து புறப்படும் முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் கவுண்டரில் தடுமாற வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பதிந்துவிட்டு அப்போதே திருப்பித் தந்துவிட வேண்டும். ‘பிறகு வாங்கிக்கொள்ளுங்கள்’ என்றால் நின்று வாங்கிக்கொண்டே லிஃப்டுக்குப் போங்கள். அறையில் சின்ன லாக்கர் இருக்கும், அதில் பூட்டி வையுங்கள்.

வரி உண்மைதான். பார்சிலோனா இருக்கும் கத்தலோனியாவில் சுற்றுலா வரி ஆளுக்கு, இரவுக்கு என்று உண்டு. பார்சிலோனா மாநகராட்சி அதன்மேல் தன் பங்கையும் சேர்க்கிறது. ஹோட்டலின் நட்சத்திரம் கூடக் கூட வரியும் கூடும். ஏழு இரவுக்கு மேல் தங்கினாலும் ஏழு இரவுக்குத்தான் வாங்குவார்கள். பதினாறு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குக் கிடையாது. எங்களுக்கு மாட்ரிட்டில் இந்த வரி இல்லை, பார்சிலோனாவில் கட்டினோம். ரசீதில் அதைத் தனியாகப் போட்டிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

இரணியல் வாசகி: குளியலறை பற்றிச் சொல்லுங்கள். கழுவத் தண்ணீர் கிடைக்குமா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

இதில் என்ன கூச்சம் தங்கச்சி? நான்கு கடிதங்களில் இதே கேள்விதான்.

நம் வீடுகளில் கம்மோடுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் கை ஷவர் அங்கே கிடையாது. ஆனால் ஸ்பெயினில் பழைய ஹோட்டல்கள் பலவற்றில் ‘பிதே’ இருக்கும். கம்மோடு மாதிரியே உயரம், மூடி கிடையாது, ஒரு குழாய் இருக்கும். அதில் உட்கார்ந்து கழுவிக்கொள்ளலாம். கால் கழுவும் தொட்டி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் மாட்ரிட் அறையில் இருந்தது, பார்சிலோனாவில் புதுக் கட்டடம் என்பதால் இல்லை. ஆகவே பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் மக் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். குழாயில் ‘சி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது குளிர்ந்த தண்ணீர் இல்லை! ஸ்பானிஷில் ‘காலியெந்தே’ என்றால் சூடு. ‘எஃப்’ என்று போட்டிருப்பதுதான் குளிர்ந்த தண்ணீர், ‘ஃப்ரியா’. என் வீட்டுக்காரர் முதல் நாள் காலையில் ‘சி’யை முழுசாகத் திறந்துவிட்டு நின்று தோளில் சுட்டுக்கொண்டார். சின்னச் சிவப்புதான், சாயங்காலம் மறைந்துவிட்டது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் முதலில் கையை நீட்டிப் பார்த்துவிட்டுக் குளிக்க விடுங்கள்.

தரையில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று ஏன் சொல்கிறார்கள் தெரியுமா? பாத்டப்புக்கு வெளியே, கம்மோடு இருக்கும் பக்கம், தரையில் தண்ணீர் போக ஓட்டையே இருக்காது. நாம் மக்கில் மோந்து ஊற்றுவது ஓரத்து இடுக்கில் இறங்கிக் கீழ் மாடி அறையின் கூரையில் போய் ஊறும். மஸ்கட்டில் அப்படிக் கூரை ஊறிப்போய் மூன்று நாள் பூட்டிப் போட்ட அறைகளை நான் பார்த்திருக்கிறேன். டப்புக்குள் நின்று, திரையை உள்பக்கம் விட்டுக்கொண்டு குளியுங்கள். டப்பின் விளிம்பில் தடிமனாக மடித்து வைத்திருக்கும் துண்டு தலை துவட்ட இல்லை, கீழே விரித்துக் கால் வைக்க.

துண்டைக் கம்பியில் தொங்கவிட்டால் ‘நாளைக்கும் இதையே வைத்துக்கொள்கிறேன்’ என்று அர்த்தம். தரையில் போட்டால் மாற்றித் தருவார்கள்.

குளச்சல் வாசகர்: மீனும் சோறும் இல்லாமல் எங்களால் ஒரு நாள்கூட இருக்க முடியாது. அங்கே என்ன சாப்பிட்டீர்கள்?

உங்களுக்கு நான் சந்தோஷமாகவே பதில் சொல்வேன். ஸ்பெயின்காரர்கள் மீன் தின்பதில் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை. நம்முடைய நெத்தோலிதான் அங்கே ‘போக்கெரோனெஸ்’. வினிகரில் ஊறவைத்து, ஒலிவ எண்ணெயும் பூண்டும் போட்டுத் தட்டில் வைப்பார்கள், பொரித்தும் தருவார்கள். கணவாய், சாளை, சிப்பி எல்லாம் கிடைக்கும். உப்பில் போட்ட காட் மீனைத் தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்துவிட்டுச் சமைக்கிறார்கள், அதற்கு ‘பகலாவ்’ என்று பெயர். கருவாடு தின்று வளர்ந்த நமக்கு அதன் ருசி உடனே பிடிபடும். நம் புளிமுளம் மீன் குழம்பு மாதிரி காரமும் புளியும் மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஒரு சின்ன டப்பா மிளகாய்ப்பொடி எடுத்துப் போனோம், போதுமாக இருந்தது.

சோறு என்றால் வலென்சியா பக்கத்து ‘பாயெயா’. அகலச் சட்டியில் குங்குமப்பூ போட்டு, குட்டையான அரிசியில் ஆக்குவது. அதை மத்தியானத்தில் சாப்பிடுங்கள்.

நேரம்தான் நமக்குச் சிரமம். மத்தியானச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான். நாலு மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டால் ராத்திரி எட்டரை வரை நல்ல சாப்பாட்டுக் கடை எதுவும் கிடையாது. கன்னியாகுமரியில் ஆறே முக்கால் மணிக்குள் சூரியன் இறங்கிவிடும். மாட்ரிட்டில் மே மாதத்தில் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் இறங்கியது, வீட்டுக்காரர் ஜன்னலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பெயின் இருப்பது இங்கிலாந்துக்கு நேர் கீழே, ஆனால் 1940இல் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்து ஜெர்மனி நேரத்துக்கு மாறினார்கள். இன்றுவரை திருப்பி வைக்கவில்லை. அதனால் சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவர்கள் சாயங்காலத்துக்கு ரொட்டி, பழம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். மாட்ரிட் தண்ணீர் நல்ல ருசி, பார்சிலோனா தண்ணீர் கொஞ்சம் கடுப்பு.

காலைச் சாப்பாடு அறை வாடகையில் சேர்ந்ததா என்று முன்பே பார்த்துவிடுங்கள். எங்களுக்குப் பார்சிலோனாவில் சேரவில்லை. ஆளுக்கு 34 யூரோ என்றார்கள். எதிர்த்த தெருக் காபிக் கடையில் தக்காளியைத் தேய்த்து ஒலிவ எண்ணெய் விட்ட ரொட்டியும் பால் காபியும் இருவருக்குமாக எட்டு யூரோவுக்குச் சாப்பிட்டோம். மூன்று நாளும் அங்கேதான்.

திருவிதாங்கோடு வாசகி: நாங்கள் பன்றி இறைச்சி தொடுவதில்லை. என்ன எச்சரிக்கை வேண்டும்?

ரொம்பவே எச்சரிக்கை வேண்டும். ஹோட்டல் காலை விருந்தில் பன்றித் தொடையை அப்படியே நிறுத்திச் சீவிக்கொண்டிருப்பார்கள், அது கண்ணுக்குத் தெரியும், விலகிவிடலாம். தெரியாமல் வருவதுதான் கஷ்டம். ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னாலும் காய்கறியின் மேல் ஹமோன் துண்டுகளைத் தூவித் தருகிற பழக்கம் உண்டு, அதை அவர்கள் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. ‘தெர்தோ’ என்றால் பன்றி, ‘ஹமோன்’ என்றால் பன்றித் தொடை, ‘மான்தெகா’ என்றால் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு. இந்த மூன்று வார்த்தையும் வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். சுருள் சுருளாக இருக்கும் ‘என்சைமாதா’ என்ற இனிப்பு ரொட்டி பன்றிக் கொழுப்பில் செய்வது, அதை விட்டுவிடுங்கள். சைவக்காரர்களுக்கும் ஒன்று: பச்சைக் காய்கறி சாலட் கேட்டால் பல இடத்தில் சூரை மீன் போட்டே வரும்.

கருங்கல் வாசகர்: இவ்வளவு வாடகை வாங்கும் இடத்தில் குறையே இல்லையா?

இருந்தது. மாட்ரிட்டில் எல்லாம் நன்றாகவே நடந்தது. பார்சிலோனா ஹோட்டலில் ‘இருவர் அறை’ என்று எடுத்திருந்தோம், ஒரே பெரிய கட்டிலை எதிர்பார்த்தோம். இரண்டு ஒற்றைக் கட்டிலைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள், நடுவில் பிளவு. அதுகூடப் பரவாயில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வேலைக்காரர்கள் லிஃப்ட். ராத்திரி ஒரு மணிக்கும் அதிகாலை ஐந்துக்கும் வண்டி தள்ளும் சத்தம். அந்தச் சத்தம் எனக்குப் பழகியதுதான், ஆனால் வீட்டுக்காரர் கண்ணை மூடவில்லை. ‘மகள் காசு கட்டியது, ஏதாவது சொன்னால் அவளுக்குச் சங்கடமாகிவிடுமோ’ என்று முதல் ராத்திரி பேசாமல் இருந்துவிட்டேன். பதினேழு வருஷம் விருந்தாளிகளின் குறையைக் கேட்டு மாற்றிக் கொடுத்தவள் என் குறையைச் சொல்லத் தயங்கினேன் என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. காலையில் சொன்னேன். இருபது நிமிஷத்தில் வேறு மாடியில் அறை தந்தார்கள்.

ஆகவே, முதல் ராத்திரியே கீழே போய்ச் சொல்லுங்கள். அறையைப் பார்த்ததும், பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் சொன்னால் இன்னும் நல்லது. பெட்டி திறந்து சாமான் பரப்பிய அறையைத் திரும்ப முழுசாகச் சுத்தம் செய்தாக வேண்டும், அதனால்தான் இழுத்தடிப்பார்கள். அறை எடுக்கும்போதே ‘ஒரே பெரிய கட்டில்’ என்று எழுதிக் கேளுங்கள், ஸ்பானிஷில் ‘காமா தெ மத்ரிமோனியோ’, கல்யாணக் கட்டில் என்று அர்த்தம். என்ன சொல்லியும் கேட்கவில்லை என்றால் ‘ஓஹா தே ரெக்லமாசியோனெஸ்’ கேளுங்கள். அது அரசாங்கத்தின் புகார்ப் படிவம், ஹோட்டல்கள் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். நான் எழுதவில்லை, தேவைப்படவில்லை.

நாகர்கோவில் வாசகர்: பழைய அரண்மனை மாதிரி ஹோட்டலா, புதுக் கண்ணாடி ஹோட்டலா, எது நல்லது?

மாட்ரிட்டின் ரிட்ஸ் ஹோட்டலை வெளியே நின்று பார்த்தேன், வெள்ளையாக அழகாக இருந்தது. 1906இல் அரசர் அல்ஃபோன்சோ 13இன் கல்யாணத்துக்கு வந்த விருந்தாளிகளைத் தங்கவைக்கத் தகுந்த ஹோட்டல் ஊரில் இல்லாமல் போன பிறகுதான் அதைக் கட்டும் யோசனை வந்ததாம். 1910இல் திறந்தார்கள். பிராதோ அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே தங்கும் வசதி நமக்கு இல்லை. பொதுவாகப் பழையதில் கூரை உயரம், ஜன்னல் பெரிசு, நடக்கும் தூரத்தில் எல்லாம். புதியதில் லிஃப்ட் பெரிசு, ஏசி நன்றாக வேலை செய்யும். முட்டு வலிக்காரர்களுக்குப் புதியது.

குழித்துறை வாசகி: அறையைச் சுத்தம் செய்பவர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமா? அவர்களுக்குத் தொந்தரவு தராமல் இருக்க நாம் என்ன செய்யலாம்?

இந்த ஒரு கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி அம்மா.

ஸ்பெயினில் அறை சுத்தம் செய்யும் பெண்களை ‘காமரேரா தெ பிசோஸ்’ என்கிறார்கள். அவர்கள் ‘லாஸ் கெல்லிஸ்’ என்ற பெயரில் ஒன்று சேர்ந்து, அளவுக்கு மீறிய அறைகளையும் இடுப்பு வலியையும் குறைந்த கூலியையும் எதிர்த்துக் குரல் கொடுத்து வருகிறார்கள். ‘சுத்தம் செய்கிறவர்கள்’ என்ற ஸ்பானிஷ் சொற்களிலிருந்து சுருங்கி வந்த பெயர். 2018இல் பிரதமராக இருந்த மரியானோ ரஹோயையே சந்தித்துப் பேசினார்கள். இரட்டைக் கட்டில் மெத்தையின் நான்கு மூலையையும் தூக்கித் தூக்கி விரிப்பைச் சொருகுவது என்றால் என்ன என்று என் மணிக்கட்டுக்குத் தெரியும்.

நாம் செய்யக்கூடியது நிறைய. நம் ஆட்கள் தலையில் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு வெள்ளைத் தலையணை உறையில் படுத்துவிடுகிறோம். அந்தக் கறை ஒரு சலவையில் போகாது. பழைய துண்டு ஒன்றைத் தலையணை மேல் விரித்துப் படுங்கள். தண்ணீர் காய்ச்சும் கெட்டிலில் அரிசியும் ரவையும் போட்டுச் சமைக்காதீர்கள். அடுத்து வருகிறவர் அதில்தான் டீ போடுவார், அடிப்பிடித்ததைத் தேய்ப்பதும் அந்தப் பெண்தான். ஊறுகாய் பாட்டிலை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வையுங்கள். கதவில் தொங்கும் ‘நோ மோலெஸ்தார்’ அட்டைக்குத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று அர்த்தம். அதை மறந்து மத்தியானம் வரை விட்டால், அவர்கள் வேலை முடிக்கும் நேரத்துக்குமேல் திரும்ப வர வேண்டியிருக்கும்.

மாட்ரிட்டில் எங்கள் அறைக்கு வந்தவர் எக்வடோர் நாட்டுக்காரர், ஐம்பது வயது இருக்கும். மூன்றாம் நாள் நான் விரிப்பின் ஒரு பக்கத்தை இழுத்துப் பிடித்தேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான் விரிப்பை விடாமல் மூலையைச் சொருகிக் காட்டியதும் புரிந்துகொண்டார், சிரித்தார். மணிக்கட்டில் துணிப்பட்டை கட்டியிருந்தார். என் கையையும் நீட்டி அதே இடத்தைத் தொட்டுக் காட்டினேன். மொழி தெரியாமலே கால் மணி நேரம் பேசினோம். கையிலிருந்த வலித்தைலத்தைக் கொடுத்தேன், முகர்ந்து பார்த்துவிட்டு ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டார்.

டிப்ஸ் கட்டாயம் இல்லை. நாங்கள் நாளுக்கு இரண்டு யூரோ, ‘கிராசியாஸ்’ என்று எழுதிய தாளோடு தலையணை மேல் வைத்தோம். தாள் இல்லாமல் வைத்தால் மறந்து விட்டுப்போன காசு என்று தொடமாட்டார்கள். கடைசி நாள் மொத்தமாக வைக்காமல் தினமும் வையுங்கள், லீவு நாளில் வேறு ஆள் வருவார்.